ஆரஞ்சு நாளில் ஆம்ஸ்டர்டாம்: ராஜாவின் பிறந்தநாளுக்குப் போகிறவர்களுக்கான முழு வழிகாட்டி

2014-க்குப் பிறகு சில வருடங்கள், ஏப்ரல் 30 காலையில் ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. தலை முதல் கால் வரை ஆரஞ்சு உடுத்திய வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வெளியே வந்து திருதிருவென்று விழிப்பார்கள். தெருவில் ஒரு பலூன்கூட இருக்காது. நெதர்லாந்து ராஜாவின் பிறந்தநாள் விழா ஏப்ரல் 27-க்கு மாறியது தெரியாமல், பழைய கையேட்டை நம்பி மூன்று நாள் பிந்தி வந்தவர்கள் அவர்கள். டச்சுக்காரர்கள் அவர்களுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: 'ஃபெர்ஹிஸ்டூரிஸ்ட்', அதாவது தவறி வந்த டூரிஸ்ட்.

நான் தேதியில் தவறவில்லை, நேரத்தில் தவறினேன். நெதர்லாந்துக்கு வந்த முதல் வருடம், விடுமுறைதானே என்று நன்றாகத் தூங்கி எழுந்து மதியம் ஒரு மணிக்கு ஊருக்குள் போனேன். யோர்டான் பகுதியில் ஒரு பாலத்தின் மேல் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி, முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. 'இதுக்கா இவ்வளவு பேச்சு?' என்று திரும்பிவிட்டேன். அடுத்த வருடம் பக்கத்து வீட்டு அம்மா காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டிக் கூட்டிப்போனார். அன்றுதான் புரிந்தது, இது காலைத் திருவிழா என்று. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

படி 1: தேதியையும் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

விழாவின் பெயர் 'கோனிங்ஸ்தாக்', ராஜாவின் நாள். மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் பிறந்தது 1967 ஏப்ரல் 27. ஆகவே ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 27. அது ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் மட்டும் முந்தின நாள் சனிக்கிழமைக்கு மாறும். 2014-இலும் 2025-இலும் அப்படித்தான் 26-ஆம் தேதி நடந்தது. இனி அடுத்து அப்படி வருவது 2031-இல்.

தேதி ஏன் இப்படி அலைந்தது என்றால், முதலில் இது ஒரு குட்டி இளவரசியின் பிறந்தநாள். 1885 ஆகஸ்ட் 31, வில்லெமினாவுக்கு ஐந்து வயது நிறைந்த நாளில் 'இளவரசி நாள்' என்று தொடங்கியது. 1890-இல் அப்பா இறக்க, பத்து வயதில் அவள் ராணியானாள். விழாவும் ராணி நாளாகிவிட்டது. கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் வந்ததால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மகள் யூலியானா 1948-இல் பட்டத்துக்கு வந்தார். 1949 முதல் அவர் பிறந்தநாளான ஏப்ரல் 30-க்கு விழா மாறியது. அவருக்குப் பின் வந்த பேயாட்ரிக்ஸ் பிறந்தது ஜனவரி 31. ஜனவரிக் குளிரில் யார் தெருவில் கடை விரிப்பார்கள்? அம்மாவின் பிறந்தநாளையே வைத்துக்கொண்டார். 2013-இல் அவர் மகனிடம் பட்டத்தைக் கொடுத்தார். 123 வருடத்துக்குப் பிறகு நாட்டுக்கு ஓர் ஆண் மன்னர். அடுத்த வருடத்திலிருந்து ராஜா நாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராஜாவைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஆம்ஸ்டர்டாம் வராதீர்கள், அன்று அவர் அங்கே இருக்க மாட்டார். அரச குடும்பம் வருடத்துக்கு ஓர் ஊர் என்று போகும்: 2023-இல் ராட்டர்டாம், 2024-இல் எம்மன், 2025-இல் டூட்டின்கம். ஊர் பெயர் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடும். ஆம்ஸ்டர்டாமில் நடப்பது ராஜா இல்லாத ராஜா பிறந்தநாள். யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை.

படி 2: விசா, ஆறு மாதம் முன்னால்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், அதாவது அக்டோபர் கடைசியிலேயே. 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். ஏப்ரல், மே நம் ஊரில் பள்ளி விடுமுறை என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள். சிக்கல் விசாவில் இல்லை, விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதில்தான். பொங்கலுக்குள் அந்த நேரத்தைப் பதிவு செய்துவிட்டால் நிம்மதி. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். சேவை மையக் கட்டணம் தனி. 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம்.

படி 3: தங்குமிடம்

பணம் கரையும் இடம் இதுதான். அந்த வாரம் டூலிப் பூக்காலமும் கூட. லிஸ்ஸ ஊரின் கொய்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். இரண்டு கூட்டமும் சேர்ந்து அறை வாடகையை ஏற்றிவிடும். போதாததற்கு ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையின் மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி உண்டு. பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் வாய்க்கால் வளையத்தில் தங்குவது முதல்முறை வருகிறவர்களின் ஆசை. அன்றைக்கு அது தண்டனை. முதல் நாள் இரவு முழுக்கச் சத்தம், மறுநாள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வரவும் முடியாது. என் யோசனை, தெற்குப் பக்கம் ஜூய்ட் ரயில் நிலையத்தை ஒட்டி, இல்லையென்றால் ஆம்ஸ்டல்வேன். நம்மவர்கள் நிறைய வசிக்கும் ஊர் அது. இட்லி மாவு கடையிலேயே கிடைக்கும். வாடகை கட்டுப்படியாகவில்லையென்றால் ஹார்லெம், சான்டாம், லைடன். ரயிலில் பத்து நிமிடத்திலிருந்து முக்கால் மணிக்குள் வந்துவிடலாம். பிறந்தநாள் முடிந்த மறுநாள் விமானம் போடுங்கள். அன்றே இரவு விமானம் என்று துணியாதீர்கள்.

படி 4: முந்தின இரவு யூட்ரெக்ட்

26-ஆம் தேதி இரவுக்கு 'ராஜா இரவு' என்று பெயர். டென் ஹாக் (தி ஹேக்) நகரில் அன்று மேடைக் கச்சேரிகள். எனக்குப் பிடித்தது யூட்ரெக்ட். மாலை ஆறு மணிக்கே பழைய பொருள் சந்தை தொடங்கி விடியவிடிய நடக்கும். வீட்டு வாசலில் மேசை போட்டு, கம்பியில் பல்பு கட்டி, பிளாஸ்கில் காபி வைத்துக்கொண்டு குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணிகூட ஆகாது. ஆனால் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். மறுநாள் காலையை இழந்தால் இந்த வழிகாட்டிக்கு அர்த்தமே இல்லை.

படி 5: பையில் என்ன, உடம்பில் என்ன

ஆரஞ்சு கட்டாயமில்லை, ஆனால் போடாமல் போனால் கல்யாண வீட்டுக்குக் கறுப்புச் சட்டையில் போன மாதிரி இருக்கும். அரச குடும்பத்தின் பெயரே ஒரான்யே நாசௌ. தெற்கு பிரான்ஸில் ஒராஞ் என்ற சிறு நாட்டிலிருந்து வந்த பெயர் அது. பழத்துக்கும் அதற்கும் ஒலிப் பொருத்தம்தான். கொடி சிவப்பு, வெள்ளை, நீலம். அரச பிறந்தநாட்களில் அதன் உச்சியில் நீளமான ஆரஞ்சு நாடா ஒன்றைச் சேர்த்துப் பறக்க விடுவார்கள். வீட்டு வாசல்களில் கவனியுங்கள். ஆரஞ்சுச் சட்டையை விமான நிலையத்தில் வாங்காதீர்கள். ஒரு ஆரஞ்சு துப்பட்டாவோ துண்டோ ஊரிலிருந்தே கொண்டு வந்தால் போதும். என் அம்மா அரக்கு பார்டர் போட்ட ஆரஞ்சுச் சேலையில் வந்தபோது அரை மணிக்கு ஒருவர் நிறுத்திப் படம் கேட்டார்கள்.

ஏப்ரல் கடைசி என்றால் நம் மனதில் அக்னி நட்சத்திரம். அங்கே பகலில் 13, 14 டிகிரி, விடிகாலையில் அதில் பாதி. ஒரே நாளில் வெயில், மழை, காற்று மூன்றும் வரும். ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்குத் தாங்கும் ஜாக்கெட், அதற்கும் மேல் ஆரஞ்சு. குடை வேண்டாம், கூட்டத்தில் அடுத்தவர் கண்ணைக் குத்தும். பழகிய ஷூ. பதினைந்தாயிரம், இருபதாயிரம் அடி நடப்பீர்கள்.

சில்லறைதான் மிக முக்கியம். சந்தையில் விற்பவர்கள் கைபேசியில் க்யூஆர் காட்டுவார்கள். அது 'டிக்கி' என்ற உள்ளூர் ஏற்பாடு, டச்சு வங்கிக் கணக்கு இல்லாமல் நமக்கு உதவாது. ஐம்பது சென்ட், ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்களாக முப்பது நாற்பது யூரோ முந்தின நாளே சேர்த்து வையுங்கள். ஒன்று, இரண்டு சென்ட் நாணயம் அங்கே புழக்கத்தில் இல்லை. கடையில் தொகையை ஐந்து சென்ட்டுக்குச் சரிக்கட்டிவிடுவார்கள். 'துட்டு' என்கிறோமே, அந்தச் சொல்லே 'டெய்ட்' என்ற பழைய டச்சுச் செப்புக் காசிலிருந்து வந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒல்லாந்தர் விட்டுப்போனதைத் திருப்பிக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு மஞ்சப்பை, அல்லது முதுகுப்பை. முதல் தடவை நான் எட்டு மணிக்கே ஒரு பித்தளை மேசைவிளக்கை மூன்று யூரோவுக்கு வாங்கினேன். மலிவு என்ற மிதப்பில் வாங்கியது, மாலை வரை குழந்தை மாதிரி இடுப்பில் சுமந்தேன். கனமான பொருளைப் பார்த்தால் விலையைக் கேட்காதீர்கள்.

படி 6: ஊருக்குள் போவது

இதை நன்றாக மனதில் வாங்குங்கள். அன்று நகர மையத்தில் டிராம், பஸ் ஓடாது. கார் உள்ளே நுழைய முடியாது. சைக்கிள் ஊரான ஆம்ஸ்டர்டாமில் அன்று சைக்கிளும் சுமைதான். மெட்ரோவும் காலும் மட்டுமே துணை. மெட்ரோ 52 வடக்கிலிருந்து தெற்காக மையத்தைக் குடைந்துகொண்டு போகிறது. கூட்டம் மிஞ்சினால் ஏதாவது நிலையத்தை மூடிவிட்டு வண்டி நிற்காமல் போகும். அடுத்ததில் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி: சென்ட்ரலில் இறங்காதீர்கள். நாட்டின் பாதிப் பேர் அங்கேதான் இறங்குவார்கள். ஜூய்டில் இறங்குங்கள். அன்றைக்கு ரயில் அட்டவணையே வேறு. வழக்கமான வண்டி இருக்கும் என்று நம்பாமல் முந்தின இரவு செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்க வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் வங்கி அட்டையை வாசலில் தட்டினால் போதும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று ஆகாது. இறங்கும்போது தட்ட மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடும். இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி இரண்டையும் வங்கிச் செயலியில் புறப்படும் முன்பே திறந்து வைக்க வேண்டும். கதவு முன் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

படி 7: ஏழு மணி முதல் பதினொரு மணி வரை, பொன்னான நேரம்

அன்று ஒரு நாள், யார் வேண்டுமானாலும் உரிமமும் வரியும் இல்லாமல் தெருவில் பழைய பொருள் விற்கலாம். 'ஃப்ரைமார்க்ட்', சுதந்திரச் சந்தை என்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் காலை 6 முதல் இரவு 8 வரை. சில நாட்களுக்கு முன்பே நடைபாதையில் சாக்பீஸாலும் ஒட்டுநாடாவாலும் கட்டம் போட்டு 'பெஸெட்' என்று எழுதியிருக்கும். ஆள் இருக்கிறது என்று அர்த்தம், நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே வித்தை.

ஜூய்டிலிருந்து வடக்கே பேத்தோஃபன்ஸ்ட்ராட் வழியாக நடந்தால் கால் மணியில் அப்போலோலான் வரும். அகலமான, மரங்கள் நிறைந்த, பணக்காரர்கள் வசிக்கும் சாலை. அதனால் பொருளும் தரமாக இருக்கும்: நல்ல கம்பளிக் கோட்டு, பீங்கான் தட்டு, ஒரே தடவை போட்ட குழந்தைச் செருப்பு. தேர்ந்த கைகள் விடிந்ததும் வந்து நல்லதை அள்ளிவிடும், எனவே முதலில் இங்கே. பெரியவர்களிடம் பேரம் பேசலாம், பேச வேண்டும். பாதி விலையில் தொடங்குவது அங்கே பண்பாடு இல்லை; பத்து யூரோ என்றால் ஏழு கேளுங்கள், எட்டுக்குத் தருவார்கள். பிள்ளைகளிடம் பேரம் பேசக் கூடாது. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பேசிப் பார்த்தால் சுற்றியிருப்பவர்களின் முகத்திலேயே தெரிந்துவிடும்.

அங்கிருந்து அரை மணி நடந்தால் வோண்டல்பார்க். 47 ஹெக்டேர் பூங்கா, அன்று முழுக்கப் பிள்ளைகளுக்கு. விற்பவர்களும் அவர்களே. நேரம் போவது தெரியாமல் நான் கரைகிற இடம் இது. ஜமுக்காளம் விரித்து, போன வருடத்துப் பொம்மைகளையும் படித்து முடித்த சித்திரக்கதைகளையும் அடுக்கி வைத்திருப்பார்கள். சிலர் வியாபாரமே செய்யாமல் வித்தை காட்டுவார்கள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி வயலினில் ஒரே பாட்டை இருபது தடவை வாசிப்பாள். தொப்பியில் காசு விழுந்தால் நடுவில் நிறுத்தி எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அப்பாவை நிற்க வைத்து முகத்தில் முட்டை எறிய ஒரு யூரோ வாங்கும் பையனும் உண்டு. அந்தக் கடையில் கூட்டம் அதிகம்.

ஒரு தடவை ஒரு பையனிடம் ஐந்நூறு துண்டுப் படப்புதிர் ஒன்றைக் கையில் எடுத்தேன். எட்டு வயது இருக்கும், முன்பல் இல்லை. "ஒரு துண்டு காணோம்," என்றான் நான் கேட்கும் முன்பே. எந்தத் துண்டு என்று கேட்டேன். அட்டைப் படத்தில் ஒரு மாட்டின் காதைத் தொட்டுக் காட்டினான். "அதனால்தான் ஐம்பது சென்ட்." ஒரு யூரோ கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. டப்பாவைக் கவிழ்த்து, பத்து சென்ட், இருபது சென்ட்டாக ஐம்பது எண்ணி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் விட்டான். பள்ளிக்கூடம் கற்றுத் தராத கணக்கு. அந்தப் புதிர் இன்னும் வீட்டில் இருக்கிறது, மாட்டுக்கு ஒரு காதுதான்.

விளையாட்டுகளும் பார்க்கலாம். 'கூக்ஹப்பன்' என்பது கயிற்றில் தொங்கும் மசாலா கேக்கைக் கையால் தொடாமல் கடிப்பது. நம் பள்ளி ஆண்டு விழாவில் பன் கடித்தவர்கள் தயங்காமல் இறங்கலாம். 'ஸ்பைக்கர்பூபன்' என்பது இடுப்புக்குப் பின்னால் நூலில் ஆணியைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் குந்தி, கீழே உள்ள பாட்டிலுக்குள் இறக்குவது. பெயரின் நேர் அர்த்தத்தை நான் இங்கே எழுதவில்லை. அந்த விளையாட்டைப் பார்த்தாலே விளங்கும்.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு மருதாணி போட வருமென்றால் ஒரு விரிப்பும் இரண்டு கூம்பும் போதும், கைக்கு ஒரு யூரோ. என் நண்பர் மகள் இப்படிச் சம்பாதித்த பதினெட்டு யூரோவை அடுத்த ஜமுக்காளத்திலேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு, மிகுந்த திருப்தியோடு வீடு வந்தாள். பிள்ளைகளின் மணிக்கட்டில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதுங்கள்.

படி 8: சாப்பாடு

அன்றைய பலகாரம் ஆரஞ்சு 'டொம்பூஸ்'. இரண்டு மொறுமொறு அடுக்குக்கு நடுவில் கெட்டியான கஸ்டர்ட், மேலே சர்க்கரைப் பூச்சு. வழக்கமாக அந்தப் பூச்சு இளஞ்சிவப்பு, இந்த வாரம் ஆரஞ்சு. ஹெமா கடைகளில் மலையாகக் குவிந்திருக்கும். கடித்தால் கஸ்டர்ட் நாலு பக்கமும் பிதுங்கும். மேல் அடுக்கைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டு சாப்பிடுவது ஒரு முறை. சட்டையைத் தியாகம் செய்வது இன்னொரு முறை. சைவத்தில் கண்டிப்பானவர்கள் ஜெலட்டின் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

சைவர்களுக்கு மதியம் கொஞ்சம் திண்டாட்டம்தான். சுவரில் பதித்த சிறு கண்ணாடிப் பெட்டிகளில் காசு போட்டு எடுக்கும் கடைகளில் 'காஸ்சூஃப்ளே' கிடைக்கும், உள்ளே உருகிய சீஸ் வைத்துப் பொரித்தது. மயோனீஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல் எங்கும் உண்டு. வயிறு நிறைய வேண்டுமென்றால் சூரினாம் (தென் அமெரிக்காவில் இருந்த டச்சுக் காலனி) ரொட்டிக் கடையைத் தேடுங்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு மசாலா, காராமணிக்காய்ப் பொரியல், கேட்டால் முட்டை அல்லது கோழி. 1873 முதல் 1916 வரை கல்கத்தாவிலிருந்து டச்சு சூரினாமுக்குக் கூலிக்குக் கப்பலேறிய சுமார் 34,000 பேரின் கைப்பக்குவம் அது. பெரும்பாலும் போஜ்புரி பேசியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பின்னால் ஆம்ஸ்டர்டாமுக்கும் டென் ஹாக்குக்கும் வந்தார்கள். அல்பர்ட் கைப் தெருவைச் சுற்றி இப்படிக் கடைகள் உண்டு. பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள், பிறகு வரிசை.

படி 9: கக்கூஸ்

சிரிக்க வேண்டாம், அன்றைய நாளின் பெரிய சிக்கலே இதுதான். இந்தச் சொல்லும் டச்சுதான், 'கக்ஹௌஸ்'. சொல்லை நமக்குக் கொடுத்தவர்கள் அன்று பொருளைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஆண்களுக்குத் தெருமுனையில் தற்காலிகப் பிளாஸ்டிக் தொட்டிகள் நிற்கும். பெண்கள் பாடுதான் திண்டாட்டம். வீட்டு வாசலில் கையால் எழுதிய 'டபிள்யூசி 1 யூரோ' அட்டையைப் பார்த்தால் வெட்கப்படாமல் போங்கள். நடத்துவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளை, சுத்தமாக இருக்கும். தெருவிலோ வாய்க்காலிலோ ஒதுங்கினால் அபராதம், பிடிக்கவும் செய்வார்கள். 2012-இல் ரேனன் ஊரில், அப்போது இளவரசராக இருந்த இன்றைய ராஜாவே கக்கூஸ் பீங்கானைத் தூக்கி எறியும் போட்டியில் கலந்துகொண்டார்.

படி 10: மதியம், படகுகள்

பன்னிரண்டு மணிக்கு மேல் ஊர் வேறு முகம் காட்டும். பிள்ளைகள் கடையைக் கட்டுவார்கள், இளவட்டங்கள் இறங்குவார்கள். பிரின்சன்ஹ்ராக்ட் வாய்க்காலில் தண்ணீர் தெரியாத அளவுக்குப் படகுகள், எல்லாவற்றிலும் ஆரஞ்சுத் தலைகள். ஒரு படகிலிருந்து இன்னொன்றில் கால் வைத்தே அக்கரை சேரலாம் போலிருக்கும். முயற்சி செய்யாதீர்கள், கரைகளில் கைப்பிடிச் சுவர் கிடையாது, வருடா வருடம் யாராவது விழுகிறார்கள்.

இந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும். உள்ளே இருந்து பார்க்க வேண்டியதில்லை. படகு வாடகைக்கு எடுக்க பல மாதம் முன்பே பதிவு, அதற்கு மேல் நாலு மணி நேரம் இறங்க முடியாத நெரிசல். பாலத்தின் நட்டநடுவில் நிற்பதைவிட, யோர்டானில் பாலத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் கரையோரமாக நின்றால் படகுகள் குனிந்து குனிந்து பாலத்துக்குள் நுழைவது நன்றாகத் தெரியும். அரை மணி போதும்.

குடிப்பவர்களுக்கு: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். தெருவில் ஆளுக்கு ஒரு பானத்துக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அன்றைய விதி. காலி டின்னைக் குப்பையில் போட்டு அமுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் 15 சென்ட் முன்பணம் உண்டு. அதைச் சேகரித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டியின் ஓரத்தில் வைத்துவிடுங்கள், எடுத்துக்கொள்வார்கள்.

கூட்டத்தில் கைபேசி சிக்னல் செத்துவிடும். பிரிந்தால் சேர ஓர் இடத்தைக் காலையிலேயே பேசி வையுங்கள். வெஸ்டர்கெர்க் தேவாலயக் கோபுரம் எங்கிருந்தும் தெரியும், ஆனால் அதன் அடியில்தான் நெரிசல். நான் வைப்பது வோண்டல்பார்க்கின் தெற்கு வாசல் ஏதாவது ஒன்று. பணப்பை முன்பையில். அவசரத்துக்கு 112.

முதியவர்கள், கைக்குழந்தை, கூட்டமென்றால் மூச்சு முட்டுபவர்கள் உங்களோடு இருந்தால் இந்தப் படியை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மணிக்கெல்லாம் பூங்காவிலிருந்தே தெற்காகத் திரும்பி அறைக்குப் போய்ச் சோறு வடித்துச் சாப்பிடலாம்.

படி 11: வெளியேறுவது

நாலு மணி வாக்கில் விற்காத பொருட்களைத் தெருவிலேயே விட்டுப் போவார்கள். 'ஹ்ராட்டிஸ்' என்று அட்டை இருந்தால் இலவசம். என் புத்தக அலமாரியில் பாதி அப்படி வந்தது. ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள், ஆறு மணிக்கு மேல் சென்ட்ரலில் உள்ளே விடவே வரிசை. யோர்டானில் இருந்தால், சென்ட்ரல் நிலையத்தின் பின்புறம் போய் வடக்குக் கரைக்கு இலவசப் படகேறி, அங்கே ஒரு காபி குடித்துவிட்டு நூர்ட் நிலையத்திலிருந்து 52-ஆம் மெட்ரோவைப் பிடிக்கலாம். தொடக்க நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும்.

அருங்காட்சியகங்களை இந்த நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆன் ஃபிராங்க் வீட்டுக்குப் போக நினைத்தால் டிக்கெட் இணையத்தில் மட்டும்தான்: ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்குத் திறப்பார்கள், நிமிடங்களில் தீரும். நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணி மார்ச் மாதச் செவ்வாய் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வாரம் இருக்கப் போகிறீர்கள் என்றால் மே 4 அங்கே, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். இரவு 8 மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம், ரயில்கூட நிற்கும். அந்த நேரத்தில் எந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தாலும் அங்கேயே நில்லுங்கள். கைபேசியை வெளியே எடுக்காதீர்கள்.